வாடகை வீடும் உருளைக்கிழங்கும்

நடுவர் அவர்களே, ஆயர் ஐயா அவர்களே, அறுப்பின் பண்டிகைக்காக அரசரடியில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். உலக முடிவில் இந்தப் பூமி எரிந்துபோகும் என்று எதிரணி பேசிவிட்டது. புதிதாகும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் பேதுருவின் இரண்டாம் நிருபத்தைக் காட்டினார். மூன்றாம் அதிகாரம், 10ஆம் வசனம்: பூமி எரிந்து அழிந்துபோம். 13ஆம் வசனத்தில் புதிய பூமி வருகிறதே! அதற்குள் அண்ணன் பைபிளை மூடிவிட்டார். 6ஆம் வசனத்தில், அந்நாளின் உலகம் வெள்ளத்தில் அழிந்தது என்கிறார் பேதுரு. அழிந்த அந்த உலகத்தில்தான் இன்று பந்தல் போட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்றொரு விவசாயி. தானியேல் புத்தகத்தின் 2,300 நாட்களை ஆண்டுகளாக்கிக் கணக்குப் போட்டார். அவர் கூட்டத்தார் உலக முடிவுக்கு 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துவிட்டார்கள். அவர்களில் லியனார்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர், எரியப்போகிற வயலில் கிழங்கு எதற்கு என்று உருளைக்கிழங்கைத் தோண்டவே இல்லை. தோண்டப்பா என்று அக்கம்பக்கத்தார் கெஞ்சினார்கள். மாட்டேன் என்றார். 22 வந்தது. 23உம் வந்தது! வானம் அப்படியே இருக்கிறது, கிழங்கும் அப்படியே இருக்கிறது. அந்த ஆண்டு அழுகல் நோய். முன்பே தோண்டியவர்களின் கிழங்கெல்லாம் அழுகிப்போனது; மண்ணுக்குள் கிடந்த இவர் கிழங்கு மட்டும் நல்ல விலைக்குப் போனதாம். மில்லர் கூட்டத்திலிருந்து பிறந்த அட்வென்டிஸ்ட் சபையாரே சொல்லும் கதை இது. எரிந்துபோ என்று கைவிட்டவனுக்கும் சோறு போட்ட பூமி, ஐயா இது! கொடைக்கானலில் கிழங்கு போடுகிறவர்கள் இதைக் கேட்டு அடுத்த முறை தோண்டாமல் இருந்துவிடாதீர்கள்.

இனி, எரியப்போகிற பூமியை ஏன் பேண வேண்டும் என்ற அண்ணனின் கேலிக்கு வருகிறேன். "வாடகை வீட்டுக்கு எவனாவது வெள்ளையடிப்பானா?" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் வீட்டுக்காரராகிய இயேசு திரும்பி வருகிறார் என்பதுதானே அண்ணனின் விசுவாசம்? வந்து முதலில் வைகைப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால்? சாக்கடையையும் ஆகாயத்தாமரையையும் காட்டி, "எப்படியும் எரிக்கப்போகிறீர்கள் என்றுதான் விட்டுவிட்டோம்" என்பீர்களா? அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கும் காலம் வரும் என்று வெளிப்படுத்தின விசேஷம் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் அந்த வரியை அண்ணன் படிக்கவில்லை.

இன்று காலை ஏலத்தில் ஒரு பாட்டி, கொல்லையில் காய்த்த முருங்கைக்காயைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். போன வருடம் மகனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தவர். இன்றைய தலைப்பைச் சொன்னேன். "என் பிள்ளை எழுந்து வருகிறபோது கால் வைக்க மண் வேண்டாமா, தம்பி?" என்று கேட்டார். இதற்கு எந்த வசனத்தை எடுப்பேன்? எனக்கு வாய் வரவில்லை, நடுவர் அவர்களே.

அந்தப் பாட்டி முன்வரிசையில்தான் இருக்கிறார். எதிரணித் தலைவர் மேடையைவிட்டு இறங்கி, எரிந்துபோகும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இப்போதே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.