ஊரோடு ஒத்து வாழாத நீதிபதி

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம். நீதிபதியைப் பற்றிப் பேசச் சொன்னால் பசு, கன்று, தேர்க்கால் என்று ஆரம்பிப்பது நம் மேடை வழக்கம். இன்று அந்தத் தேரைத் திருவாரூரிலேயே விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் தலைநகரமான மான்ட்கோமரியில் 1955 முதல் 1979 வரை விசாரணை நீதிபதியாக இருந்த ஃபிராங்க் ஜான்சனைப் பற்றி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நமக்கு முன்சீஃப் கோர்ட்டிலிருந்து டில்லி வரைக்கும் ஒரே ஏணி. அங்கே இரண்டு ஏணி. மாநிலங்களுக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று. மத்திய அரசு ஏணியின் முதல் படிதான் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம். சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியை உட்கார வைப்பது எல்லாம் அந்தப் படியில்தான். ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும், அப்புறம் ஆயுளுக்கும் பதவி. அலபாமாவின் மாநில நீதிபதிகளோ ஜனங்களிடம் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஜான்சன் அதே அலபாமாவின் வடக்கே வின்ஸ்டன் கவுன்டியில் 1918-ல் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது, தென் மாநிலங்கள் பிரிந்து போவதை எதிர்த்த மலைப்பகுதி அது. இரண்டாம் உலகப்போரில் நார்மண்டியில் காயம்பட்டார், வக்கீலானார், அரசு வழக்கறிஞரானார். 37-ஆம் வயதில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அவரை நீதிபதியாக்கினார்.

நாற்காலியில் உட்கார்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் மான்ட்கோமரி பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார், பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. ஆனால் பஸ்ஸில் நிறவாரி இருக்கை ஒழிந்தது ரோசா பார்க்ஸின் வழக்கில் அல்ல. ஆரேலியா பிரவுடர் முதலான நான்கு கறுப்பினப் பெண்கள் ஃபெடரல் நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்குப் போட்டார்கள். அந்த நால்வரில் கிளாடெட் கால்வின் கைதானபோது அவருக்கு வயது 15. மாநிலச் சட்டத்தையே எதிர்த்த வழக்கு என்பதால் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. 1956 ஜூனில் இரண்டுக்கு ஒன்று என்று, அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். அந்த இரண்டில் ஒருவர் ஜான்சன். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வாஷிங்டனில் இருந்தார்கள். ஜான்சன் தீர்ப்பு எழுதிய ஊரிலேயே காய்கறி வாங்க வேண்டும், முடி வெட்டிக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் முகம் கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்தினார்கள். வருடக்கணக்கில் ஃபெடரல் மார்ஷல்கள் வீட்டுக்குக் காவல் இருந்தார்கள். 1967-ல் அவருடைய அம்மாவின் வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளை, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், மகன் வீடென்று நினைத்து வைத்திருப்பார்கள் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த மனிதருக்கு ஊர் கொடுத்த சம்பளம் இது.

இங்கே ஜார்ஜ் வாலஸ் வருகிறார். பிற்காலத்தில் அலபாமாவின் ஆளுநர் ஆனவர், கறுப்பர்களைப் பிரித்தே வைப்போம் என்று முழங்கியவர். ஜான்சனும் அவரும் சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1958-ல் வாலஸ் ஓட்டு வாங்கி வந்த மாநில நீதிபதி. வாக்காளர் பதிவேடுகளைக் காட்டு என்று ஃபெடரல் சிவில் உரிமை ஆணையம் கேட்டது, ஜான்சனும் உத்தரவு போட்டார். ஜெயிலுக்குப் போனாலும் கொடுக்க மாட்டேன் என்று வெளியே வீரம் பேசினார் வாலஸ். உள்ளுக்குள் ஜூரி ஆட்கள் வழியாகப் பதிவேடுகள் ஆணையத்தின் கைக்குப் போய்ச் சேர வழி செய்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ஜான்சன் என்ன செய்தார் தெரியுமா? தண்டிக்கவில்லை. சுற்றிவளைத்தாவது பதிவேடுகள் வந்து சேர்ந்துவிட்டன, ஆகவே அவமதிப்பு இல்லை என்று விடுதலை செய்தார். தியாகி ஆக ஆசைப்பட்டவருக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. அதற்கப்புறம் எந்தத் தேர்தல் மேடையிலும் வாலஸ் இவரைத் திட்டாமல் இறங்கியதில்லை.

இவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பர் ஓட்டுகளைக் கழிப்பதற்காக, சதுரமாக இருந்த நகர எல்லையை மாநில சட்டசபை 28 பக்கம் கொண்ட உருவமாக வளைத்து வைத்தது. எல்லை போடுவது சட்டசபையின் வேலை, என்னால் தலையிட முடியாது என்று ஜான்சன் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1960-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. என் கணிப்பில் அது சறுக்கல்தான். ஆனால் அடுத்த வருடம் வழக்கு திரும்பி வந்தபோது அந்தச் சட்டத்தை அவரே செல்லாது என்றார். அப்பீலில் அடிபட்டதை மனதில் வைத்துக்கொள்ளாமல் அதே வழக்கை மறுபடி கையில் எடுப்பது லேசு இல்லை. வக்கீல்கள் யாராவது இங்கே இருந்தால் தலையாட்டுவார்கள்.

1965. ஓட்டுரிமை கேட்டு, அலபாமாவின் செல்மா என்ற ஊரிலிருந்து மான்ட்கோமரிக்கு 54 மைல் நடப்போம் என்று மார்ட்டின் லூதர் கிங் ஆட்கள் கிளம்பி, பாலத்தில் போலீஸிடம் அடிபட்டார்கள். வழக்கு ஜான்சனிடம் வந்தது. உடனே அனுமதி கொடுத்துவிடவில்லை. விசாரணை முடியும்வரை நடக்கக்கூடாது என்று முதலில் கிங்கையே நிறுத்தினார். சில நாள் சாட்சியங்களைக் கேட்டார். பிறகு, எவ்வளவு பெரிய அநீதியை எதிர்க்கிறார்களோ அந்த அளவுக்கு எதிர்க்கும் உரிமையும் பெரிதாக இருக்கவேண்டும் என்று எழுதி அனுமதித்தார். அதிலும் கணக்கு உண்டு. சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக்கூடாது.

அந்த நடைபயணம் முடிந்த இரவே, டெட்ராய்ட்டிலிருந்து வந்து காரில் ஆட்களை ஏற்றிப்போய் உதவிய வயோலா லியுஸோ சுட்டுக் கொல்லப்பட்டார். மாநில நீதிமன்றத்தில் கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. பிறர் உரிமையைப் பறிக்கச் சதி செய்வது குற்றம் என்ற 1870-ஆம் வருடத்துச் சட்டத்தை ஃபெடரல் தரப்பு தூசி தட்டி எடுத்தது. ஜூரி முழுக்க வெள்ளைக்காரர்கள். ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தார்கள். நீங்கள் இன்னும் போதுமான அளவு பேசவில்லை, போங்கள் உள்ளே என்று ஜான்சன் திருப்பி அனுப்பினார். குற்றவாளிகள் என்று தீர்ப்புடன் வந்தார்கள். கூண்டில் நின்ற மூன்று பேருக்கும் தலா 10 ஆண்டு சிறை.

எனக்கு அவருடைய வழக்குகளில் மிகவும் பிடித்தது, யாரும் மேடையில் சொல்லாத ஒன்று. டஸ்கலூசாவில் பிரைஸ் மனநல மருத்துவமனை. 5,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். சிகரெட் வரி வருமானம் குறைந்ததால் ஊழியர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள், வழக்கு அங்கே ஆரம்பித்தது. ஒருவனைச் சிகிச்சைக்கென்று சொல்லி அடைத்துவிட்டு சிகிச்சை கொடுக்காவிட்டால் அரசியல் சட்டம் அதை ஏற்காது என்றார் ஜான்சன். 1972-ல் போட்ட உத்தரவைப் படித்தால் வீடு கட்டும் மேஸ்திரியிடம் கொடுத்த பட்டியல் மாதிரி இருக்கும். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, பதினைந்து பேருக்கு ஒரு குளியல் தொட்டி அல்லது ஷவர், அறைக்குள் வெப்பநிலை இத்தனை டிகிரிக்கு மேல் போகக்கூடாது. நீதிபதிக்கு இதெல்லாம் வேலையா என்று கேட்டவர்கள் நிறைய. செய்ய வேண்டியவர்கள் செய்யாமல் விட்டார்கள், வேறு யார் எழுதுவது?

1979-ல் அவர் அப்பீல் நீதிமன்றத்துக்கு உயர்ந்து போனார், 1999-ல் காலமானார். அந்த மருத்துவமனை வழக்கு மட்டும் கைமாறி, இன்னொரு நீதிபதியின் மேற்பார்வையில் ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கு தொடங்கி 33 ஆண்டுகளுக்குப் பிறகு, 2003 டிசம்பரில்தான் அதன் கோப்பை மூடினார்கள்.