பிச்சாவரத்துப் பொட்டலில் காடு மீண்ட கதை

வணக்கம் நேயர்களே. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் பலரும் போயிருப்பீர்கள்; படகிலேறி சுரபுன்னை நிழலில் சுற்றியிருப்பீர்கள். அந்தக் காட்டின் உட்பகுதிகளில் பல வருடங்கள் வெறும் பொட்டல் கிடந்தது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது கணக்கு. தழைக்கவில்லை. பழி விறகு பொறுக்கியவர்கள் மேலும் மாடு மேய்த்தவர்கள் மேலும் விழுந்தது. வழக்கம்போல.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையே ஆராய்ந்தார்கள். நிழல் போனதும் சேற்றின் ஈரம் வெயிலில் வற்றியிருக்கிறது. வற்றியதும் தரை அமிழ்ந்து பள்ளமாகிவிட்டது. கடல் பொங்கும் ஓதத்தில் ஏறிய நீர், கடல் உள்வாங்கும் வற்றத்தில் வடிய வழியில்லை. தேங்கித் தேங்கி ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சியது. கிட்டத்தட்ட உப்பளம்தான். அதில் எந்தக் கன்று பிழைக்கும்?

காரணம் பிடிபட்டதும் வைத்தியம் சிக்கலாக இல்லை. ஓடையிலிருந்து சாய்வாக ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்கள், மீன்முள் வடிவில். ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. அப்புறம்தான் வெண்கண்டல் என்ற சதுப்புநில மரத்தின் கன்றுகளை நட்டார்கள். வனத்துறையோடு ஊர்மக்களும் சேர்ந்து செய்த வேலை இது. பழி சுமந்தவர்களே காட்டை மீட்கவும் வந்தார்கள்.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அந்தப் பெருமை முழுவதையும் மரங்களுக்கே கொடுக்க எனக்கு மனமில்லை. கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, இப்போதைய கவலை என்ன? வாய்க்கால்களில் வண்டல் படிகிறது, தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிடப் பெரியது நன்னீர். கொள்ளிடத்துத் தண்ணீரைக் கீழணையில் மறித்து வயலுக்கும் வீராணத்துக்கும் அனுப்புகிறோம். மிஞ்சியது போனால் ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்கிறோம். கழிமுகத்தில் நன்னீரும் கடல்நீரும் கலந்தால்தான் இறால் குஞ்சுகள் வளரும். அங்கே தண்ணீரில் இறங்கிக் கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. கழிமுகத்துக்கு எந்த மாதம் எத்தனை கனஅடி வேண்டும் என்று அளந்து, அணை திறப்பவர்கள் கையில் கொடுக்கும் ஆராய்ச்சிதான் அடுத்து நடக்க வேண்டும் என்பேன். குறிப்பாகக் கோடை மாதங்களுக்கு.

நன்றி, வணக்கம்.