உருவத்தை ஏன் உருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வீட்டுக் குப்பையைக் குறைக்கப் பெரிதும் உதவுவது மறுபயன்பாடா, மறுசுழற்சியா என்பது இன்றைய கேள்வி. மறுபயன்பாடே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "ஒவ்வொரு டப்பாவையும் கழுவிக் கழுவி வைத்தால் வீடு குடோனாகிவிடும். தரம் பிரித்துக் கொடுத்துவிட்டால் மற்றதை ஆலை பார்த்துக்கொள்ளும்" என்றார். அவர் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆலை பார்த்துக்கொள்கிறதா? 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக் ஏறத்தாழ 630 கோடி டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம். 12 சதவீதத்தை எரித்தார்கள். மீதி 79 சதவீதம் குப்பைமேடுகளிலும் வெளியிலும் சேர்ந்துவிட்டது. 2017-இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. நாம் நம்பிக்கையோடு தனிக்கூடையில் போடுகிறோம். அந்தக் கூடைக்கும் ஆலை வாசலுக்கும் நடுவே அத்தனை தூரம் இருக்கிறது.

சரி, ஆலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடி ஜாடி. விரிசல் இல்லை, மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது. அதை நொறுக்கி, சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் உருக்கி, அச்சில் ஊதி, மறுபடியும் ஒரு ஜாடியாக்குகிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான் நடுவர் அவர்களே! வீட்டில் அதற்குத் தேவைப்பட்டது வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும். லேபிளின் பசை போகவில்லையென்றால் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.

ஒரு பொருளை அதன் உருவத்துக்குக் கொண்டுவர உழைப்பும் நெருப்பும் நீரும் செலவாகியிருக்கின்றன. மறுசுழற்சி மூலப்பொருளை மீட்கிறது, ஆனால் அந்தச் செலவை அழித்துவிட்டு மறுபடியும் செய்கிறது. மறுபயன்பாடு இரண்டையும் காப்பாற்றுகிறது. என் வாதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

துணிக்கு வருவோம். எதிரணியின் வாதம் அறவே நிற்காத இடம் இது. பழைய துணியைக் கிழித்து நாராக்கும்போது இழைகள் குட்டையாகிவிடுகின்றன. புதுப் பஞ்சு கலக்காமல் நல்ல நூல் வராது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியாக இருந்தால் இரண்டையும் பிரிப்பதே பெரும்பாடு. ஆடை செய்யப் பயன்படும் மூலப்பொருளில் மீண்டும் ஆடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று 2017-இல் கணக்கிட்டார்கள்.

இதோ, என் வீட்டுப் பழைய படுக்கை விரிப்பு. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறேன். நடுப்பகுதி வலைபோல் தெரிகிறது. இரவெல்லாம் உடம்பு புரண்ட இடம். ஓரத்தைப் பாருங்கள், ஒரு முழ அகலத்துக்கு வாங்கிய நாளின் நெசவு அப்படியே இருக்கிறது. விரிப்பு எங்கும் ஒரே சீராக நைவதில்லை. நடு மெலியத் தொடங்கியதுமே நெடுக வெட்டி, இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து நடுவாக்கியிருந்தால், நைந்த பகுதி மெத்தைக்கு அடியில் செருகும் ஓரமாகியிருக்கும்; இன்னும் சில காலம் விரித்திருக்கலாம். நான் கவனிப்பதற்குள் கிழிந்துவிட்டது. ஆகவே நடுப்பகுதியைத் துடைக்கும் துணிகளாக வெட்டப்போகிறேன். பலமுறை துவைத்த பருத்தி தண்ணீரை நன்றாக உறிஞ்சும். பாலியெஸ்டர் சட்டையை இதற்கு வெட்டாதீர்கள். அது தண்ணீரை இழுக்காது, தள்ளிக்கொண்டு போகும்.

இன்னோர் ஓரத்தை ஏற்கெனவே வெட்டி இந்தப் பையைத் தைத்துவிட்டேன். கடையில் புதிய பருத்திப் பை வாங்கலாமே என்பீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைந்த காரணமாக வேண்டுமென்றால், புதிய பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு. என் பைக்காக ஒரு செடிகூடப் புதிதாக வளரவில்லை.

இப்போது குடோன். இந்த அச்சம் நியாயமானது. நான் தட்டிக்கழிக்க மாட்டேன். எடுத்து வைக்கும் ஒவ்வொரு பொருளையும் பார்த்து, "உன்னால் நான் எதை வாங்காமல் இருக்கப்போகிறேன்?" என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அது மறுசுழற்சிக்கே போகட்டும். பாட்டிலுக்கு வண்ணமடித்து, மினுமினுப்புத் தூள் ஒட்டி அலமாரியில் நிறுத்துவதை நான் மறுபயன்பாடு என்று ஏற்க மாட்டேன். அதற்காகப் பசையும் வண்ணமும் புதிதாக வாங்கியதுதான் மிச்சம். பூச்சிமருந்தும் பெயிண்டும் இருந்த டப்பாக்கள் எந்த வேலைக்கும் வேண்டாம். அதைவிட முக்கியம், குடிநீர் பாட்டிலில் தரை கழுவும் திரவத்தை ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீர்தான்.

மறுசுழற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் இடம் எது என்றுதான் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் கொண்டுவந்த கழிவுச் சட்டத்தின் வரிசையைப் பாருங்கள்: முதலில் கழிவு உருவாகாமல் தடுத்தல், அடுத்து மறுபயன்பாட்டுக்கு ஆயத்தப்படுத்துதல், மூன்றாவதாகவே மறுசுழற்சி. எதிரணி மூன்றாம் படியை முதற்படியாக்கப் பார்க்கிறது.

மணி அடித்துவிட்டது. இந்தப் பையை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன் நடுவர் அவர்களே. கைப்பிடிகள் இரண்டும் விரிப்பின் கரையிலிருந்து வெட்டியவை. எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் இழுத்துப் பாருங்கள்.