பிழையைக் கையாளும் இடத்திலேயே பிழை

நேயர்களுக்கு வணக்கம். கணினிக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்யும் டிரைவரில் இரண்டு வகை வரிகள் உண்டு. எல்லாம் ஒழுங்காகப் போனால் ஓடுபவை ஒரு வகை, அவற்றை உலகமே தினமும் ஓட்டிப் பார்க்கிறது. ஏதாவது தவறினால் மட்டும் ஓடுபவை இன்னொரு வகை, அவற்றைப் பெரும்பாலும் எழுதியவரே ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் "கார்டு சரியில்லை, நான் விலகிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டிய டிரைவர், போகிற போக்கில் இயங்குதளத்தின் மையமான கெர்னலையே மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறது.

லினக்ஸில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வகையைப் பார்ப்போம். கேபிளில் போகும் சிக்னலைக் கவனிக்க ஃபை என்று ஒரு சில்லு இருக்கிறது. அதை இணைக்க "ஃபை கனெக்ட்" என்ற ஃபங்ஷனை டிரைவர் கூப்பிடும், அது ஒரு பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, திருப்பித் தரும். தோற்றால் பூஜ்யம் வரும் என்றுதானே நினைப்போம்? வராது. பிழை எண்ணையே பாயிண்டர் வேஷம் போட்டு அனுப்பும். சாதனம் இல்லை என்றால் மைனஸ் 19, நினைவகம் இல்லை என்றால் மைனஸ் 12, இப்படி. இதற்காகவே முகவரிகளின் கடைசிக் கோடியில் 4095 எண்களைக் கெர்னல் ஒதுக்கி வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதே வேலையைச் செய்யும் "ஓஎஃப் ஃபை கனெக்ட்" தோற்றால் பூஜ்யம்தான் தரும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்குக் குறியீடு எழுதுபவர் சறுக்குவதில் ஆச்சரியம் என்ன.

டிரைவர் பூஜ்யமா என்று மட்டும் சோதிக்கிறது, மைனஸ் 19 பூஜ்யம் இல்லை, சரி உள்ளே போ என்று விட்டுவிடுகிறது. அடுத்த வரியிலேயே அந்தப் பாயிண்டருக்குள் எதையோ படிக்கப் போய் கிராஷ். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாயிண்டர் காட்டும் ஸ்ட்ரக்சருக்குள், அதாவது தரவுத் தொகுப்புக்குள், படிக்கும் புலம் 768ஆவது பைட்டில் இருக்கிறது என்று வையுங்கள். மைனஸ் 19ஓடு 768ஐக் கூட்டினால் 749. அது சின்ன முகவரி என்பதால் கெர்னல் அதை "நல் பாயிண்டர்", அதாவது பூஜ்ய முகவரி, என்று அறிவித்துவிடும், நாமும் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று தேடி அலைவோம். ஆனால் 749 ஒற்றைப்படை. ஸ்ட்ரக்சருக்குள் பாயிண்டர்கள் எட்டின் மடங்கில் உட்கார்ந்திருக்கும், ஒற்றைப்படையில் உட்காராது. அந்த ஓர் எண்ணைப் பார்த்ததுமே, இது பூஜ்யம் இல்லை, வேஷம் போட்ட பிழை எண் என்று சந்தேகப்படலாம்.

திருத்தம் ஒரு வரி: "இஸ் எர்" என்று, அதாவது இது பிழை எண்ணா என்று, கேட்டுச் சோதித்து, பிழை எண்ணை அப்படியே மேலே அனுப்பிவிட்டால் போதும். போதுமா? இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சோதனை தப்பாக இருந்தவரை அதற்குக் கீழே இருந்த துப்புரவுக் குறியீடு ஒரு தடவைகூட ஓடியதில்லை, இப்போதுதான் முதன்முதலாக ஓடப்போகிறது.

இன்டர்ஃபேஸை ஏற்றும்போது டிரைவர் முதலில் பாக்கெட்டுகளை வைக்கும் ரிங் பஃபர்களை ஒதுக்குகிறது, பிறகு கார்டு கெர்னலைக் கூப்பிடும் இன்டரப்ட் வாங்குகிறது, அப்புறம் ஃபை, கடைசியில் வந்த பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுக்கும் நேப்பியை இயக்குகிறது. மூன்றாவதில் தோற்றால், அடுக்கிய பாத்திரத்தை மேலிருந்து எடுப்பது போல, முதலில் இன்டரப்டை விட்டு, பிறகு பஃபரை விட வேண்டும். இயக்காத நேப்பியைத் தொடவே கூடாது. ஆனால் பிழை வந்ததும் "கோட்டூ" கட்டளை தாவிப்போகும் இடமான லேபிள் ஒரு படி மேலே இருந்து, நேப்பியை நிறுத்து என்று சொல்லிவிட்டால்? இயக்கப்படாத நேப்பியை நிறுத்தச் சொன்னால் அது முடிவே இல்லாமல் காத்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் நடப்பது நெட்வொர்க் அமைப்புகளுக்கான பொதுப் பூட்டான ஆர்டிஎன்எல்லைப் பிடித்துக்கொண்டு என்பதால், அதே கணினியில் வேறு கார்டுக்கு முகவரி கொடுக்கும் கட்டளைகூட உறைந்துபோகும். கிராஷாவது ஒரு தடயத்தை அச்சிட்டுவிட்டுப் போகும், இது உடனே அதுகூடச் சொல்லாது.

இடையில் ஒன்று. "டெவ்எம்" வகை ஃபங்ஷன்கள் 2007 முதல் இருக்கின்றனவே, அவையே தானாக விடுவிக்காதா என்று கேட்கலாம். அவை விடுவிப்பது டிரைவர் சாதனத்தை விட்டுப் பிரியும்போது, அல்லது சாதனத்தோடு முதலில் இணையும் ப்ரோப் தோற்கும்போது. இன்டர்ஃபேஸை ஏற்றுவதும் இறக்குவதும் அதற்கு நடுவில் பல முறை நடக்கும், அங்கே தோற்றால் நாமேதான் துடைக்க வேண்டும். ஏற்றும் ஃபங்ஷனான ஓபன் தோற்றால், இறக்கும் ஃபங்ஷனான ஸ்டாப் கூப்பிடப்படாது என்பதையும் மறக்காதீர்கள்.

சோதிப்பதற்குக் கார்டு நிஜமாகவே கெட்டுப்போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிக்க ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் கெர்னலிலேயே இருக்கிறது. ஃபை மாதிரி இடங்களில் தற்காலிகமாக மைனஸ் 19ஐத் திருப்பும் வரியைக் கையால் போட்டுக்கொள்ளுங்கள். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசான் என்ற கெர்னல் கருவியை இயக்கி, இன்டர்ஃபேஸைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டு, டிரைவரையும் கழற்றிப் பாருங்கள். விடுவித்த நினைவகத்தை யாராவது மறுபடி தொட்டால் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் அந்தத் தற்காலிக வரியை எடுத்துவிட்டு, சோதனைக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று என இரண்டு தனிப் பேட்ச்களாக அனுப்புங்கள். பிழை நுழைந்த கமிட்டின், அதாவது பதிவான மாற்றத்தின், 12 எழுத்து அடையாளத்தை "ஃபிக்சஸ்" வரியில் போட்டால், எந்தப் பழைய பதிப்புக்கெல்லாம் இது போக வேண்டும் என்று ஸ்டேபிள் கிளையைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நன்றி, வணக்கம்.