எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மே மாசம் வந்தா நம்ம வீடுகள்ல என்ன பேச்சு ஓடும்னு உங்களுக்கே தெரியும், பையனை டைப்ரைட்டிங்ல சேக்கலாமா, டேலி கோர்ஸ் போடலாமா, ஸ்போக்கன் இங்கிலீஷ் அனுப்பலாமான்னு. அதே மே மாசத்துல நம்ம நாட்டுல சில இடங்கள்ல, பி.எஸ்சி., எம்.எஸ்சி. கணக்கு படிக்கிற பிள்ளைங்க ஒரு ஹால்ல உக்காந்து நாலு வாரம் கணக்கு மட்டுமே பேசிட்டு இருப்பாங்க. செமஸ்டர் கிடையாது, இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கிடையாது, பாடம் முடிக்கணும்ங்கிற அவசரமும் கிடையாது. இந்தக் கோடைக்கால கணித வகுப்புகளைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். முப்பது வருஷம் காலேஜ்ல கணக்கு சொல்லிக் கொடுத்தவ நான், அத்தனை வருஷத்துல என் மனசுல ரொம்ப ஆழமா உக்காந்த விஷயம் இதுதான்.

இதுல எனக்கு நெருக்கமானது எம்.டி.டி.எஸ்., அதாவது மேத்தமேட்டிக்ஸ் டிரெய்னிங் அண்ட் டேலன்ட் சர்ச். 1993ல ஆரம்பிச்சது, அப்போ மும்பை பல்கலைக்கழகத்துல இருந்த பேராசிரியர் எஸ். குமரேசன் ஆரம்பிச்சது. அணுசக்தித் துறையோட தேசிய உயர்கணித வாரியம் பணம் கொடுத்து நடத்தினது. மே, ஜூன்ல நாலு வாரம். டிகிரி படிக்கிறவங்களுக்கு ஒரு நிலை, அதுக்கு மேல ரெண்டு நிலை. அனாலிசிஸ், அல்ஜீப்ரா, லீனியர் அல்ஜீப்ரா இப்படி. நான் பிள்ளைங்களை அனுப்பின காலத்துல தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க, ஸ்லீப்பர் கிளாஸ் டிக்கெட் காசையும் கொடுத்துடுவாங்க. அதனால எங்க காலேஜ் மாதிரி கிராமத்துப் பிள்ளைங்க படிக்கிற இடத்துலேருந்தும் போக முடிஞ்சுது.

ஒரு பொண்ணைப் பத்தி சொல்றேன். ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருந்தா. அப்பாவுக்கு குளித்தலை பக்கம் சைக்கிள் கடை. செலக்‌ஷன் லெட்டர் வந்துடுச்சு, ஆனா ரெண்டு ரயில் மாறிப் போகணும், வெளி மாநிலம், வயசுப் பொண்ணு, வீட்ல முடியாதுன்னுட்டாங்க. நான் நேரா கடைக்கே போயிட்டேன். அவர் ஸ்டூல் எடுத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "டீச்சர், நாலு வாரம் போயிட்டு வந்தா எத்தனை மார்க் கூடும்?" நான் பொய் சொல்லல. ஒரு மார்க் கூட கூடாதுங்க, அங்க கேக்குறது எதுவும் நம்ம செமஸ்டர்ல வராதுன்னேன். "அப்ப எதுக்கு?"ன்னார். நியாயமான கேள்வி தானே. எனக்கு சட்டுனு சொல்லத் தெரியல, அவ படிச்சதுல எங்க ஓட்டை இருக்குன்னு அவளே கண்டுபிடிக்கக் கத்துக்குவாங்கன்னு ஏதோ சொன்னேன். அவர் அப்போ ஒரு டியூபுக்கு பஞ்சர் பாத்துட்டு இருந்தார், காத்தடிச்ச டியூபை தண்ணித் தொட்டில கொஞ்சம் கொஞ்சமா முக்கி, திருப்பித் திருப்பி, முட்டை முட்டையா எங்க வருதுன்னு பாத்துட்டே, "ஆமா டீச்சர், மேலாக்க பாத்தா டியூப் நல்லாத்தான் இருக்கும், தண்ணில முக்கினாதான் எங்க காத்து போவுதுன்னு தெரியும்"னார். சாயங்காலம் பொண்ணுகிட்ட போயிட்டு வான்னுட்டார்.

இந்தக் கோடை வகுப்பு என்னன்னு யார் கேட்டாலும் நான் அந்தத் தண்ணித் தொட்டியைத்தான் சொல்லுவேன். பிள்ளைங்க ஒரு ப்ரூஃப், அதாவது நிரூபணம் சொல்லும், வாத்தியார் சரின்னும் சொல்ல மாட்டார், தப்புன்னும் சொல்ல மாட்டார், இந்த வரி எப்படி வந்துதும்மா, அது எங்கேருந்து வந்துதுன்னு திருப்பித் திருப்பி முக்குவார், காத்து எங்க போகுதுன்னு அந்தப் பிள்ளையே பாக்குற வரைக்கும்.

முதல் வாரம் முடிஞ்சு அந்தப் பொண்ணு எஸ்.டி.டி. பூத்லேருந்து போன் பண்ணி அழுதுச்சு. "மேடம், நான் 92 வாங்கினேன், எனக்கு ஒண்ணுமே தெரியல மேடம்." என்னம்மா ஆச்சுன்னா, வாத்தியார் கன்டினியுட்டி, அதாவது ஒரு கோடு அறுந்து போகாம தொடர்ந்து போறதுன்னு தோராயமா வச்சுக்குங்க, அதோட டெஃபனிஷன் கேட்டிருக்கார், இவ கடகடன்னு ஒப்பிச்சிட்டா, ஒரு எழுத்து தப்பல. சரி, இதை மறுத்துச் சொல்லும்மா, கன்டினியுவஸ் இல்லைன்னா என்னன்னு சொல்லுன்னு கேட்டிருக்கார். அவ்வளவுதான், நின்னுட்டா.

இது சின்ன விஷயம் இல்லைங்க. உங்க வீட்லயே கேட்டுப் பாருங்க. "இந்த வாரம் எல்லா நாளும் பஸ் லேட்டா வந்துது"ன்னு ஒருத்தர் சொல்றார், அது பொய்யின்னு நீங்க நிரூபிக்கணும், என்ன காட்டணும்? பாதிப் பேர் "எல்லா நாளும் பஸ் நேரத்துக்கு வந்துது"ன்னு சொல்லுவாங்க. தேவையே இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பஸ் நேரத்துக்கு வந்ததைக் காட்டினா போதும். இவ்வளவுதான் விஷயம், ஆனா மூணு வருஷம் கணக்கு படிச்ச பிள்ளைக்கு இதை யாரும் நின்னு சொல்லிக் கொடுக்கல, ஏன்னா இதுக்கு மார்க் இல்ல.

இதோட சேர்ந்ததுதான் நான் எங்க போனாலும் சொல்ற பூட்டு சாவிக் கதை. "எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கு." இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? தமிழ்ல இது ரெண்டு அர்த்தம் கொடுக்கும். ஹாஸ்டல்ல நூறு ரூம், நூறு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் அதோட சாவி இருக்கு, அது ஒரு அர்த்தம். வார்டன் கையில ஒரே ஒரு சாவி, அது நூறு பூட்டையும் திறக்கும், அது இன்னொரு அர்த்தம். வார்த்தை ஒண்ணுதான், ஆனா ரெண்டும் ஒண்ணா? சாவி தொலைஞ்ச ராத்திரி ஹாஸ்டல்ல நின்னவங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். முதல்ல பூட்டைக் கையில எடுத்துட்டு அதுக்கு சாவி தேடுறியா, முதல்ல சாவியை எடுத்துட்டு பூட்டு பூட்டா போறியா, எது முதல்ல வருது, அதுதான் கேள்வி.

அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்ட கன்டினியுட்டியிலயும் இதே கேள்விதான் வருது. ரேடியோல இருக்கேன், போர்டு கிடையாது, அதனால நீங்க மனசுல ஒரு மலைப்பாதையை வச்சுக்குங்க. நடந்து போறீங்க. ஒரு அடி எடுத்து வச்சா உயரம் ஒரு அங்குலத்துக்கு மேல மாறக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை. அடிவாரத்துல பிரச்னை இல்ல, தாராளமா எட்டு வைக்கலாம். கொஞ்சம் செங்குத்தா ஆனதும் சின்ன அடியா வைக்கணும், இன்னும் செங்குத்துன்னா இன்னும் சின்ன அடி. எந்த இடத்துல நின்னாலும் அந்த இடத்துக்குத் தக்க ஒரு அடி அளவு இருக்கு இல்லையா, அது கன்டினியுட்டி, பூட்டுக்கு ஒரு சாவி. முழுப் பாதைக்கும் ஒரே அடி அளவு போதுமா, மாத்தவே வேண்டாமா, அது யூனிஃபார்ம் கன்டினியுட்டி, வார்டன் சாவி. பாதை முடிவே இல்லாம போயி, போகப் போக செங்குத்து அளவே இல்லாம கூடிக்கிட்டே இருந்தா ஒரே அளவு கிடைக்காது, நீங்க எவ்வளவு சின்ன அடியைச் சொன்னாலும் அதுவே பெரிசாப் போற இடம் மேல ஒண்ணு இருக்கும். ஆனா பாதைக்கு ரெண்டு பக்கமும் முடிவு இருந்து, அந்த ரெண்டு முனையும் பாதையோட சேர்ந்தே இருந்து, நடுவுல எங்கயும் அறுந்து போகாமலும் இருந்தா, முழுப் பாதைக்கும் ஒரே அடி அளவு கட்டாயம் கிடைக்கும். இது பி.எஸ்சி. புஸ்தகத்துல இருக்கிற தியரம்தாங்க, பத்து மார்க் கேள்வியா வரும், உருப்போட்டு எழுதிட்டுப் போறோம். எழுதினவங்கள்ல எத்தனை பேருக்கு இது ஒரு நடை, ஒரு மலைன்னு தெரியும்?

அந்தப் பொண்ணு ரெண்டு நாள் இந்த ஒரு விஷயத்தோடயே கிடந்துச்சாம். மெஸ்ல சாப்பிடும்போது பக்கத்துல அசாம்லேருந்து வந்த பொண்ணு, இந்தப் பக்கம் மகாராஷ்டிரா பொண்ணு, இதுக்கு இங்கிலீஷும் சரியா வராது, ரசம் ஊத்தின தட்டு ஓரத்துல விரலால எழுதிக் காட்டி சண்டை போட்டிருக்காங்க, எது முதல்ல வருதுன்னு. மூணாவது வாரம் போன் வந்துது, அழுகை இல்ல. "மேடம், நான் இன்னைக்கு போர்டுக்குப் போய் தப்பா போட்டேன், எங்க தப்புன்னு நானே சொல்லிட்டேன்." அந்தக் குரல்ல இருந்த சந்தோஷத்தை நான் 92 மார்க் வாங்கின எந்தப் பிள்ளை குரல்லயும் கேட்டதில்ல.

நான் படிச்ச காலத்துல எங்களுக்கு இது கிடைக்கல. நோட்ஸ் சொல்லுவாங்க, எழுதுவோம், ஏன்னு கேட்டா சிலபஸ் முடிக்கணும்னு பதில் வரும். வாத்தியார்களை நான் குத்தம் சொல்லல, அவங்க கையும் கட்டித்தான் இருந்துச்சு. ஆனா சிலபஸைத் தாண்டிக் கூட்டிட்டுப் போக ஒருத்தர் கிடைச்சா என்ன நடக்கும்கிறதுக்கு நம்ம சென்னையிலயே சாட்சி இருக்கு. லயோலா கல்லூரியில ஃபாதர் ரசீன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கணக்கு சொல்லிக் கொடுத்தார், ஐரோப்பாவுல அப்போ புதுசா ஓடிட்டு இருந்த கணிதத்தைப் பிள்ளைங்க காதுல போட்டார். அவர்கிட்ட படிச்சவங்கதான் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து 1965ல நிரூபிச்ச தியரத்தை இன்னைக்கும் உலகம் முழுக்க அவங்க பேர் சொல்லித்தான் படிக்கிறாங்க. சேஷாத்ரி சார் பின்னாடி சென்னையில ஆரம்பிச்சதுதான் இப்போ சிறுசேரியில இருக்கிற சி.எம்.ஐ., அதாவது சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட். எல்லாக் காலேஜுலயும் ஒரு ரசீன் இருக்க மாட்டார், அதனாலதான் நாலு வாரமாவது அப்படி ஒரு வகுப்பு வேணும்னு நான் கத்துறேன்.

அமெரிக்காவுலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு, ஆர்னால்ட் ராஸ்னு ஒருத்தர் 1957ல ஆரம்பிச்சார், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு, வெறும் முழு எண்களை வச்சே கோடை முழுக்க. எளிய விஷயங்களை ஆழமா யோசி, அதுதான் அவங்க தாரக மந்திரம். அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லலாம்னு... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம்னு விரலைக் காட்டுறாங்க, எப்படி அப்ளை பண்றதுன்னு சொல்லணும்னு நினைச்சதைச் சீக்கிரமா சொல்லிடறேன்.

பொங்கல் முடிஞ்ச கையோட இணையத்துல எம்.டி.டி.எஸ். அறிவிப்பைத் தேட ஆரம்பிச்சிடுங்க, ஏப்ரல்ல முழிச்சா லேட்டு. எம்.டி.டி.எஸ். ஒண்ணுதான்னு இல்ல, நம்ம நாட்டோட மூணு அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடையில ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானிகூட இருந்து வேலை பாக்க ஃபெலோஷிப் கொடுக்குறாங்க, கணக்குக்கும் உண்டு. மும்பை டாடா இன்ஸ்டிட்யூட்லயும் கோடைத் திட்டம் இருக்கு. மார்க் கம்மின்னு நீங்களே உங்களை ஒதுக்கிக்காதீங்க, அப்ளிகேஷனைப் போடுங்க. பெத்தவங்க கேட்டுட்டு இருந்தீங்கன்னா, பொண்ணை ரயிலேத்தி விடுங்க, கூட வர்ற பிள்ளைங்க யாருன்னு முன்னாடியே விசாரிச்சு ஒரே வண்டியில அனுப்புங்க, நாங்க அப்படித்தான் அனுப்பினோம். அப்புறம் ஒரு விஷயம், உங்களை நல்லாத் தெரிஞ்ச வாத்தியார்கிட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கணும், அவர் கடைசி நாள்ல எழுதினா ரெண்டு வரிதான் எழுதுவார், அதனால பொங்கலுக்கு முன்னாடியே போய் அவரைப் பாத்து, இந்த வருஷம் படிச்சதுல புரியாத ஒரு தியரத்தைக் கேளுங்க, கடிதத்துல எழுத அவருக்கும் ஒரு விஷயம் கிடைக்கும். நேரம் ஆயிடுச்சு, வணக்கம்.