சந்தேகத்தை எந்த மொழியிலும் கேட்கட்டும்
(மொரீசியஸ் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, கோயில் சங்கத் தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த அறங்காவலர்களே, மாலையிட்டு வரவேற்ற மகளிர் அணியினரே, தமிழ் வகுப்பு ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கணக்குச் சந்தேகம் தீர்க்கும் மன்றம் ஒன்று நமக்கு வேண்டும். கேட்கும் மொழி, பதில் எழுதும் முறை, நடத்தும் இடம் என்று மூன்றைப் பற்றியும் பேச வந்தேன்.

நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். பாடநூலும் தேர்வும் ஆங்கிலம். பின்னக் கணக்கில் திணறும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேள் என்றால் வாயே திறக்காது. கிரியோலில் கேட்கட்டும், தமிழில் கேட்கட்டும். அதே மொழியில் விளக்குவோம். தேர்வுத்தாளில் வரும் ஆங்கிலச் சொல்லை மட்டும் அப்படியே சேர்த்து எழுதுவோம். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்!

1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழின் கேள்விப் பகுதிக்கு நம் இராமானுஜன் ஒரு கணக்கு அனுப்பினார். கேள்வி எண் 289. ஒரு வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டல் இருமடங்கு இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் 1 கூட்டல் மும்மடங்கு மற்றொன்று. இப்படி முடிவில்லாமல் போகும். மதிப்பு என்ன? மாதக்கணக்கில் ஒருவரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார், விடை 3 என்று. எப்படி? 3 என்பது 9-இன் வர்க்கமூலம்; 9 = 1 + 2×4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம்; 16 = 1 + 3×5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம்; 25 = 1 + 4×6. வரி வரியாக இறங்குங்கள், கணக்கு தானே விரியும். அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913-இல்தான். அதற்கு முன்பே அவரைப் படித்தவர்கள் அந்தக் கேள்விப் பகுதியின் வாசகர்கள். கேள்வி கேட்க ஓர் இடம் இருப்பது அவ்வளவு பெரிய காரியம், ஐயா!

முறைக்கு வருகிறேன். ஒரு தாளில் ஒரே கேள்வி. எந்த வகுப்பு, செய்து பார்த்த வரிகள், எந்த வரியில் நின்றுபோனது, மூன்றும் இருக்க வேண்டும். வீட்டுப்பாடப் பக்கத்தை முழுதாகப் படமெடுத்து அனுப்பினால் தடுமாற்றம் எங்கே என்று தெரியாது. வெறும் விடைதான் திரும்பி வரும், பிள்ளை பார்த்து எழுதிவிடும். ஆகவே முதலில் ஒரு குறிப்பு மட்டும். பிள்ளை முயன்று திருப்பி அனுப்பிய பிறகுதான் அடுத்த வரி. அடிமேல் அடித்தால்தான் அம்மி நகரும்!

குறியீட்டில் கவனம் வேண்டும். 1/2x என்று எழுதினால் x-இல் பாதியா, 2x-இன் தலைகீழா? அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள். பிரெஞ்சு வழக்கில் 3,5 என்பது மூன்றரை. வரைபடத்தில் (3,5) ஒரு புள்ளி. பதில் எழுதுமுன் எது என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் தமிழ் வகுப்புதான் சரியான இடம். கணக்குக்காக வரும் பிள்ளை தமிழுக்கும் வரும். தலைவர் அவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பக்கத்து அறையை இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். போகுமுன் செயலாளரிடம் பெயரையும், எந்த வகுப்புவரை பதில் எழுத முடியும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.