கதவு தட்டும் சத்தம்

அனைவருக்கும் வணக்கம்.

"வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்ற வரியைத் தெரியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். அந்த வரி வருவது வள்ளலாரின் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில். அதை முழுதாக நான் நாற்பது வயதில்தான் படித்தேன். அன்று இரவு தூங்க முடியவில்லை.

அப்பாவிடம் பிள்ளை முறையிடுவது போல, தன் பயங்களை ஒவ்வொன்றாக இறைவனிடம் சொல்லிக்கொண்டே போகிறார். ஒருவரிடம் இன்னொருவர் உரத்துப் பேசினால் உள்ளம் நடுங்கியதாம். யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் கலங்கிப்போனாராம். காக்கை கூவினாலும் கலக்கம். "அம்மா, அப்பா, ஐயோ" என்று எங்கோ யாரோ அலறினால், அந்தச் சொல் உள்ளே புகுந்து அவரைக் கலக்கியிருக்கிறது. இத்தனை பெரிய மனிதர் இதை மறைக்கவே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

ஏனென்றால் நான் மறைத்தே வாழ்ந்தவன். வீட்டில் எனக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர். சென்னையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். தடுப்பே இல்லாத பெரிய கூடம், வரிசைக்குப் பன்னிரண்டு மேசை. மூன்று மேசை தள்ளி ஒரு சின்னப் பெண்ணை மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டுவார். மதியம் அவள் தேறிக்கொண்டு சாப்பிட்டுவிடுவாள். எனக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே முடியாது. தயிர்சாதம் புளித்து, சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். "எல்லாத்தையும் மனசுல போட்டுக்காதீங்க" என்பார்கள். நானாகப் போட்டுக்கொண்டால்தானே போடாமல் இருப்பதற்கு? அது தானாக வந்து விழுகிறது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எலைன் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் இருந்து ஆராய்ந்து வருகிறார். நூற்றில் பதினைந்து, இருபது பேர் இப்படி இருக்கலாம் என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த சில ஆய்வுகள் முப்பது வரை சொல்கின்றன. இது நோய் இல்லை, பிறவி சுபாவம். கெட்ட சூழல் இவர்களை மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கும். நல்ல சூழல் கிடைத்தால் மற்றவர்களைவிட அதிகம் தழைப்பார்கள் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த இரண்டாவது பாதியை யாராவது எனக்கு இருபது வயதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

வள்ளலாருக்கு உளவியல் முத்திரை குத்த நான் வரவில்லை. அவருடைய அருள் வேறு. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் நம்மைப் போன்றவர்களுக்கு வழி காட்டுகிறது. 1858 வாக்கில், சுமார் முப்பத்தைந்து வயதில், சென்னையை விட்டுக் கிளம்பினார். ஏன் என்று அவரே பாடியிருக்கிறார்: "தேட்டிலே மிகுந்த சென்னையில் இருந்தால் சிலுகுறும் என்றுளம் பயந்தே" சிறிய ஊர்ப்புறங்களுக்கு வந்தேன் என்று. தேட்டு என்றால் சம்பாத்தியம், சிலுகு என்றால் தொல்லை. பயந்து வந்தேன் என்று பச்சையாகச் சொல்கிறார்.

வந்த இடத்தில் சுகமாக உட்கார்ந்துவிட்டாரா? அதே பாட்டில் காட்டிலும் பருக்கைக் கல்லிலும் புன்செய்க் களத்திலும் திரிந்து இளைத்ததைச் சொல்கிறார். கருங்குழியில் சுமார் ஒன்பது வருடம் இருந்தார். அப்புறம், 1867 மே 23 அன்று வடலூர் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். கதவுச் சத்தத்துக்கு நடுங்கிய அதே நெஞ்சுதான் பசித்தவன் முகத்தையும் பார்த்துத் துடித்தது. சென்னையின் இரைச்சலில் அந்தத் துடிப்பு வெறும் வேதனையாக நின்றுபோயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். வடலூரில் அது சோறாகியது.

சரி, எல்லாரும் நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுக்க முடியுமா? முடியாது. நானே கடனை அடைக்க இரண்டு வருடம் காத்திருந்தேன். இப்போது குறிஞ்சிப்பாடியில் பிழைதிருத்தும் வேலை. வருமானம் பாதிக்கும் கீழே. அதில் கஷ்டம் உண்டு, பிள்ளையின் படிப்புச் செலவு வரும்போது பயமும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டில் நாள் முழுக்கத் தறி ஓடுகிறது, அது என்னைத் தொந்தரவு செய்வதே இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால், அந்தச் சத்தத்தில் யார் மேலும் கோபம் இல்லை. இத்தனை வருடம் என்னை அரித்தது சத்தமே இல்லை, அதற்குள் இருந்த அதட்டல்தான் என்று அந்தத் தறிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மதியம் பசிக்கிறது. சாப்பிடுகிறேன்.

போன பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். தொட்டாச்சிணுங்கி என்று எனக்குப் பெயர் வைத்தவர் அவர். கோபம் வந்தால் கதவை உடைப்பது போலத் தட்டுவார். அன்று நான் உள்ளே ஒரு கையெழுத்துப் பிரதி திருத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து கதவைத் திறந்தால், திண்ணையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன்.

"நீ வேலையா இருப்பேன்னு தட்டலப்பா," என்றார்.